மாலுமிகள் சொன்ன சாட்சி

கோலசிலாங்கூரில் மெலாவத்திக் குன்றின்மேல் ஏறி நிற்பவருக்கு மேற்கே அலையாத்திக் காடும், அதற்கப்பால் மலாக்கா நீரிணையும் தெரியும். ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை முதலிய ஊர்களின் தோட்டப் பள்ளிகளிலிருந்து மாணவரை அழைத்துவரும் தமிழாசிரியர் அங்கு நின்று சொல்லும் வரலாறு பெரும்பாலும் ஒன்றே. இராசேந்திர சோழன் 1025 இல் கடாரத்தின்மேல் கப்பற்படை செலுத்தியதும், பட்டினப்பாலை காழகத்துச் செல்வத்தைக் குறிப்பதும், அக்காழகம் கடாரமே என நச்சினார்க்கினியர் உரை கண்டதும் அதில் வரும். பின்னர், குன்றின்மேல் உள்ள பீரங்கிகளைக் காட்டி, 1784 இல் டச்சுக்காரர் இக்கோட்டையைப் பிடித்துத் தம் கவர்னர் ஜெனரல் ஆல்டிங்கின் பெயரை அதற்கு இட்டதும், மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதனை மீட்டதும் சொல்லப்படும். கடாரத்துக்கும் ஆல்டிங்குக்கும் இடையே எழுநூற்றைம்பது ஆண்டுகள் கிடக்கின்றன. அக்காலமெல்லாம் இக்கடலில் பாய் ஏற்றியவன் யார், துடுப்புப் பிடித்தவன் யார், கப்பல் பிடிபட்டபோது அவன் என்ன ஆனான் என்பன அவ்வரலாற்றில் வருவதில்லை. மெய்க்கீர்த்தி வேந்தனைப் பாடும், மாலுமியைப் பாடாது.

மாலுமியே வாய் திறந்து பேசிய எழுத்துகள் உலகில் இல்லாமல் இல்லை. அவை இலக்கியமாகத் தோன்றியவை அல்ல, வழக்குமன்றத்தில் தோன்றியவை. அவற்றுள் கெடாவின் பெயரோடு தொடர்புடையது ஒன்று தமிழாசிரியர் பார்வைக்கு உரியது. 1701 ஆம் ஆண்டு மே 8, 9 ஆம் நாள்களில் இலண்டன் ஓல்டு பெய்லி மன்றத்தில் கப்பல் தலைவன் வில்லியம் கிட் என்பான்மேல் நடந்த வழக்கின் அறிக்கை அது. அவ்வாண்டிலேயே அச்சேறி விற்பனைக்கு வந்தது. வழக்கிற்கு மூலமான கப்பலின் பெயர் ‘குவெடா மெர்ச்சண்ட்’. குவெடா என்பது அக்கால ஆங்கிலேயர் கெடாவை எழுதிய முறை. கெடா வணிகன் என்று அதனைத் தமிழில் சொல்லலாம்.

பெயரைக் கண்டு மகிழ்ந்து, கடாரத்துக் கப்பல் என்றும், தமிழர் கப்பல் என்றும் முடிவுகட்டுவது முறையன்று. அறிக்கையில் காணும் செய்தி வேறு. வங்கத்தில் சரக்கேற்றிக்கொண்டு சூரத்துக்குத் திரும்பிய கப்பல் அது. ஏறத்தாழ 400 டன் கொள்ளும். சரக்கில் பெரும்பங்கு ஆர்மீனிய வணிகருடையது. மொகலாய அரசின் உயர் அதிகாரி முக்லிஸ்கானுக்கும் அதில் பங்கு இருந்தது. தலைவன் ரைட் என்னும் ஆங்கிலேயன். டச்சுக்காரர் சிலரும் பிரெஞ்சுப் பீரங்கியாள் ஒருவனும் இருந்தனர். ஏனையோர் அனைவரையும் அறிக்கை ‘மூர்’ என்னும் ஒரே சொல்லால் முடித்துவிடுகிறது. மெல்லிய துணி, பட்டு, சர்க்கரை, வெடியுப்பு, இரும்பு, அபின் ஆகியவற்றைச் சுமந்து, சோழமண்டலக் கடலையும் இலங்கையையும் குமரியையும் சுற்றிக்கொண்டு, மலையாளக் கரையோரமாக வடக்கே சென்றபோது, 1698 சனவரி 30 ஆம் நாள், கொச்சிக்கு அணித்தான கடலில் கிட் அதனைப் பிடித்தான்.

கிட் வெறுங் கொள்ளைக்காரனாகப் புறப்பட்டவன் அல்லன். அவனிடம் இங்கிலாந்து மன்னரின் ஆணைகள் இரண்டு இருந்தன. ஒன்று பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடிப்பதற்கு. மற்றொன்று கடற்கொள்ளையரைப் பிடிப்பதற்கு. அவன் பயணத்துக்கு முதல் போட்டவர்களில் அமைச்சரும் பிரபுக்களும் இருந்தனர். எனவே வழக்கில் எழுந்த வினா, கப்பலைப் பிடித்தானா என்பது அன்று. அதனை அவனே மறுக்கவில்லை. பிடித்தது போர்முறைப்படியா, கொள்ளையாகவா என்பதே வினா. அவ்வினாவிற்கு விடை சொல்ல வந்தவர்கள் இருவர்: கிட்டின் கப்பலில் மருத்துவனாக இருந்த ராபர்ட் பிராடின்ஹாம், மாலுமியாக இருந்த ஜோசப் பாமர். இருவரும் கொள்ளையில் பங்கு வாங்கியவர்கள். மன்னிப்புப் பெற்றுத் தலைவனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்தவர்கள். இன்றைய நீதிமன்ற வழக்கில் ‘அப்ரூவர்’ என்று சொல்லப்படுவோர்.

அச்சாட்சியை அளந்து பார்க்குமுன், கடல் வழக்குகளில் சாட்சி வாங்கும் முறைகள் இரண்டு இருந்தன என்பதை அறிதல் வேண்டும். ஒன்று, கடற்படைத் துறை நீதிமன்றத்தின் பழைய முறை. அங்கே வினாக்களை முன்னரே எழுதி வைத்திருப்பர். சாட்சியைத் தனியே அழைத்து, எழுத்தர் ஒருவர் வினாவை வாசிப்பார், விடையை எழுதிக்கொள்வார். பிறந்த ஊர் எது, குடியிருக்கும் ஊர் எது, வயது என்ன, கப்பல் யாருடையது, எந்தத் துறையில் புறப்பட்டது, எந்தக் கொடி கட்டியது, பிடிபடும் வேளையில் கப்பலின் காகிதங்களைக் கடலில் எறிந்தார்களா, என்று வினாக்கள் செல்லும். விடையை எழுத்தர் படர்க்கையில் எழுதுவார்: இச்சாட்சி இவ்வாறு கூறுகிறான் என்று. இறுதியில் எழுத்தறிந்தவன் கையொப்பம் இடுவான். அறியாதவன் கீறல் இடுவான். இவ்வகைச் சாட்சியேடுகள் இலண்டனை அடுத்த கியூ ஆவணக் காப்பகத்தில் கட்டுக்கட்டாக உள்ளன. அண்மை ஆண்டுகளில் அவற்றைப் படியெடுத்து யாவரும் காண வைக்கும் பணியும் நடந்து வருகிறது.

மற்றொன்று, ஜூரர்முன் வாயால் சொல்லும் முறை. கொள்ளைக் குற்றம் இம்முறைக்கு மாறியதற்குக் காரணம் உண்டு. பழைய முறையில், குற்றவாளி தானே ஒப்புக்கொள்ள வேண்டும். அல்லது குற்றத்தோடு தொடர்பில்லாத சாட்சி கண்ணாரக் கண்டிருக்க வேண்டும். நடுக்கடலில் அத்தகைய சாட்சியைக் கொள்ளையர் உயிரோடு விடுவரோ? ஆகவே 1536 இல் சட்டம் இயற்றி, இக்குற்றத்தை ஜூரர்முன் விசாரிக்கச் செய்தனர். அன்று முதல், கூட்டாளியின் சாட்சியே கடற்கொள்ளை வழக்கின் முதுகெலும்பாயிற்று. 1695 இல் மொகலாயரின் பெருங்கப்பல் கஞ்ச்-இ-சவாயைக் கொள்ளையிட்ட ஹென்றி எவரியின் ஆட்கள்மேல் 1696 இல் வழக்கு நடந்தபோதும் இவ்வாறே கூட்டாளிகள் வந்து சொன்னார்கள். அங்கே முதலில் அமர்ந்த ஜூரர் குற்றவாளிகளை விடுவித்துவிட்டனர் என்பதும், அரசு வேறு குற்றச்சாட்டுக் கொண்டுவந்து மீண்டும் விசாரித்தே தண்டித்தது என்பதும் குறிப்பிடத்தக்கன. ஜூரர் யாவரும் கூட்டாளியின் சொல்லை நம்பிவிடவில்லை.

இனிப் பிராடின்ஹாமின் சாட்சிக்கு வருவோம். அவன் சொல்வதில் தன்னைக் காத்துக்கொள்ளும் முனைப்பு எங்கும் இருக்கிறது. ஆயினும், அவன் கட்டிச் சொல்லியிருக்க முடியாத இடங்களும் உண்டு. திறனாய்வாளர் நின்று பார்க்கவேண்டியவை அவ்விடங்களே.

கிட் அன்று பிரெஞ்சுக் கொடியை ஏற்றிக்கொண்டு துரத்தினான் என்கிறான் பிராடின்ஹாம். துரத்தப்பட்ட கப்பலிலிருந்து படகில் ஒரு முதிய பிரெஞ்சுக்காரன் வந்தான். தானே கப்பல் தலைவன் என்று சொன்னான். கிட்டின் அறையில் சிறிது நேரம் இருந்தபின், தான் தலைவனல்லன், பீரங்கியாளே என்று ஒப்புக்கொண்டான். பிறகே ரைட் என்னும் ஆங்கிலேயன் வரவழைக்கப்பட்டான். இந்நாடகத்தின் பொருள் என்ன? துரத்தியவன் பிரெஞ்சுக்காரனாக நடித்தான். துரத்தப்பட்டவனும் பிரெஞ்சுக்காரனாக நடித்தான். அக்காலக் கடலில் ஒவ்வொரு கப்பலும் பல நாட்டுக் கொடிகளையும், பல கும்பினிகளின் சீட்டுகளையும் பெட்டியில் வைத்திருந்தது. எந்தக் கொடியுடையவன் எதிர்ப்பட்டானோ அந்தக் கொடியின் சீட்டை நீட்டுவது வழக்கம். போர்த்துக்கீசியர் முதலில் ‘கர்த்தாசு’ என்னும் அனுமதிச் சீட்டை ஆசியக் கப்பல்கள்மேல் சுமத்தினர். டச்சுக்காரரும் அதனைப் பின்பற்றினர். நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை முதலிய துறைகளிலிருந்து கெடாவுக்கும் அச்சேவுக்கும் துணி கொண்டுசென்ற சோழியர் கப்பல்களும் இச்சீட்டுக்குத் தலைவணங்கியே ஓடின. முதிய பிரெஞ்சுக்காரன் படகில் வந்து இறங்கும் அக்காட்சி, சீட்டு முறை என்னும் பொருளாதார நூல் அதிகாரத்தை ஒரு நொடியில் விளக்கிவிடுகிறது. இத்தகைய காட்சியைப் பொய்ச்சாட்சி புனைவது அரிது. காரணம், இது பிராடின்ஹாமுக்கு எவ்வகையிலும் பயன் தருவதன்று. சொல்லப்போனால், கிட்டுக்கே சற்றுச் சாதகமானது. பிரெஞ்சுச் சீட்டு இருந்திருக்கலாம் என்ற எண்ணத்தைக் கேட்போர் மனத்தில் அது எழுப்புகிறது.

மற்றோர் இடம் விலை பேசிய இடம். ஆர்மீனிய வணிகர்கள் கப்பலை மீட்க 20,000 ரூபாய் தருவதாகச் சொன்னார்கள். சரக்கின் மதிப்பு அதனினும் பெரிது என்று கிட் மறுத்துவிட்டான். சரக்கில் ஒரு பகுதியைக் கரையில் விற்றான். மீதியை மடகாஸ்கரை அடுத்த செயின்ட் மேரித் தீவில் பங்கிட்டான். மொத்தம் 160 பங்கு. அதில் 40 கிட்டுக்கு. ஒருவனுக்கு முழுப்பங்கு, சிறுவர்க்கு அரைப்பங்கு என்று கணக்கு விரிகிறது. நூலின் வேறெங்கும் தடுமாறும் சாட்சிகள் இக்கணக்கில் தடுமாறுவதில்லை. நாள் மறந்துபோகும், இடம் மறந்துபோகும், கூலி மறப்பதில்லை. தோட்டத்துப் பெரியவர்களிடம் பழங்கதை கேட்டவர்க்கு இது புதிதன்று. ஆண்டு கேட்டால் அவர்கள் சப்பான்காரன் காலத்துக்கு முன்னா பின்னா என்று தயங்குவர். நாட்கூலி எத்தனை காசு என்று கேட்டால் தயங்குவதில்லை.

பீரங்கியாள் வில்லியம் மூரின் சாவு பற்றிய சாட்சி வேறு தன்மையது. 1697 அக்டோபர் 30 ஆம் நாள், வாய்ச்சண்டையில் கிட் இரும்புப் பட்டை அடித்த வாளியால் மூரின் தலையில் அடித்தான். மறுநாள் மூர் இறந்தான். மருத்துவன் என்ற முறையில் பிராடின்ஹாம், காயம் சிறிது, ஆனால் மண்டையோடு உடைந்திருந்தது என்று சொல்கிறான். இதுவரை அவன் சொல் தொழிலறிந்தவன் சொல். அடுத்து, சில திங்கள் கழித்துக் கிட் தன்னிடம் பேசியபோது, இங்கிலாந்தில் தனக்கு நல்ல நண்பர்கள் இருப்பதால் இச்சாவைப் பற்றித் தான் பெரிதாகக் கவலைப்படவில்லை என்று சொன்னதாகச் சேர்க்கிறான். இது பிறர் யாரும் கேட்காத பேச்சு. வேண்டிய இடத்தில் வேண்டிய அளவில் வந்து பொருந்துகிறது. கூட்டாளியின் சாட்சியில் ஐயத்தோடு பார்க்கத்தக்கவை இவ்வாறு அழகாகப் பொருந்தும் இடங்களே. பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்பவற்றை நம்பலாம்.

தமிழில் இதற்கு இனமானது எதுவும் இல்லையோ என்று சிலர் கேட்கலாம். ஏறத்தாழ அதே காலத்தில் தமிழகத்தில் எழுந்தது நொண்டி நாடகம். கள்வன் ஒருவன் தன் களவையும் காமத்தையும் தானே எடுத்துச் சொல்லி, கால் இழந்து, பின்னர் ஒரு வள்ளலாலோ தெய்வத்தாலோ நலம் பெறுவது அதன் அமைப்பு. கீழக்கரைக் கப்பல் வணிக வள்ளல் சீதக்காதியின் பெயரால் ஒரு நொண்டி நாடகமும் உண்டு. பிராடின்ஹாமும் தன் குற்றத்தைத் தானே சொல்லி மன்னிப்புப் பெறுகிறான். ஒப்புமை இங்கே முடிகிறது. நொண்டி தன் காலைக் கொடுத்து மன்னிப்பு வாங்குகிறான். பிராடின்ஹாம் வாங்குவது தன் தலைவனின் தலையைக் கொடுத்து.

வழக்கின் நடுநாயகமான செய்தி ஒரு காகிதம் பற்றியது. தான் பிடித்த கப்பலில் பிரெஞ்சுச் சீட்டு இருந்தது, அதனால் அது பிடிக்கத்தக்க கப்பலே என்பது கிட்டின் எதிர்வாதம். இரு கப்பல்களின் சீட்டுகளைத் தான் கவர்னர் பெல்லமாண்டிடம் கொடுத்ததாகவும், அவற்றை வரவழைக்க வேண்டுமென்றும் அவன் மன்றாடினான். சீட்டுகள் மன்றத்துக்கு வரவில்லை. வேறு வழியின்றிச் சாட்சிகளையே கேட்டான்: அச்சீட்டுகள் உங்களுக்குத் தெரியாதா? நீ சொல்லக் கேட்டிருக்கிறோம், கண்ணால் கண்டதில்லை என்பதே அவர்கள் விடை. அக்காலச் சட்டப்படி, குற்றஞ்சாட்டப்பட்டவனுக்காக வழக்குரைஞர் சட்ட நுணுக்கம் மட்டுமே பேசலாம். நடந்த செய்தி பற்றிச் சாட்சியைக் குறுக்குக் கேள்வி கேட்பவன் குற்றவாளியே. அவன் சத்தியம் செய்து சாட்சி சொல்லவும் இடமில்லை.

சேக்கிழார் திருவெண்ணெய்நல்லூர் மன்றத்தை வருணித்த இடம் இங்கு நினைவுக்கு வராமல் போகாது. ஆட்சி, ஆவணம், காட்சி என மூன்று சான்றுகளில் ஒன்றால் வழக்கை நிறுவுக என்று அவையோர் கேட்கின்றனர். ஆவணம் காட்டப்படுகிறது, அதனை நம்பியாரூரர் பற்றிக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படியோலை, மூல ஓலை என்னிடம் உள்ளது என்று முதியவர் சொல்ல, மூல ஓலை அவைக்கு வருகிறது. கையெழுத்து ஒத்துப் பார்க்கப்படுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்ப் புலவர் கற்பித்த ஊரவையில், ஆவணம் கிழிந்த பின்னரும் மூலம் தேடப்பட்டது. 1701 ஆம் ஆண்டின் இலண்டன் மன்றத்தில் மூலம் தேடப்படவில்லை. காட்சி ஒன்றே போதும் என்று கொள்ளப்பட்டது. சீட்டுகளோ அழிந்துபோகவில்லை. அரசு ஆவணக் குவியலில் இருநூறு ஆண்டுகள் கிடந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரால்ப் பெயின் என்னும் அமெரிக்க எழுத்தாளரால் கண்டெடுக்கப்பட்டன. கிட் சொன்னது மெய்.

அவ்வாறாயின், கிட் குற்றமற்றவன் என்று முடித்துவிடலாமா? பாண்டியன் அவையில் கண்ணகி சிலம்பை உடைத்ததும் வழக்கு முடிந்தது. முத்தோ மாணிக்கமோ என்பதில் இரண்டாம் பேச்சு இல்லை. கிட்டின் சீட்டு அத்தகைய சிலம்பு அன்று. பிரெஞ்சுக் கப்பலாகவே இருப்பினும், பிடித்தவன் அதனைத் துறைக்குக் கொண்டுவந்து, நீதிமன்றத்தின் தீர்ப்புப் பெற்ற பின்னரே சரக்கைத் தொடவேண்டும். கிட் கரையிலேயே விற்றான், தீவிலே பங்கிட்டான். நீதிபதி இதனைச் சுட்டிக்காட்டியது சரியே. ஆயினும், தூக்கு மேடைக்கு அனுப்பப்படும் ஒருவன் கேட்ட ஆவணத்தை அவன் கண்முன் வைக்காமல் வழக்கை முடித்தது குறையே. அவனுக்கு முதல் போட்ட பிரபுக்களைக் கவிழ்க்க நாடாளுமன்றத்தில் ஒரு கட்சியும், ஔரங்கசீப்பின் சினத்தைத் தணிக்கக் கிழக்கிந்தியக் கும்பினியும் விரும்பிய காலம் அது.

காகிதத்தால் பிழைத்தவர்களும் அவ்வழக்கிலேயே உண்டு. கிட்டோடு கூண்டில் நின்ற ஒன்பது பேரில் லாம்லி, ஜென்கின்ஸ், பார்லிகார்ன் என்னும் மூவர், தாம் பிறருக்கு ஒப்பந்தப் பணியாட்களாக இருந்தவர்கள், தலைவன் சொற்படி நடந்தவர்கள் என்று காட்டி விடுதலை பெற்றனர். டார்பி மல்லின்ஸ் என்னும் ஐரிஷ்காரனும் வேறு இருவரும், அரசரின் மன்னிப்பு அறிவிப்பை நம்பித் தாமே சரணடைந்தோம் என்றனர். சரணடைந்தது அறிவிப்பில் பெயர் குறித்த அதிகாரியிடம் அன்று என்று அவ்வாதம் தள்ளப்பட்டது. 1701 மே 23 ஆம் நாள், தேம்ஸ் ஆற்றங்கரையில் கிட்டோடு மல்லின்ஸும் தூக்கிலிடப்பட்டான். கிட்டின் கயிறு முதல் முறை அறுந்துபோக, மறுமுறையும் ஏற்றினார்கள்.

ஒப்பந்தத் தாள் காத்த மூவரைப் பற்றிப் படிக்கும்போது, வட சிலாங்கூர்த் தோட்டங்களின் வரலாறு அறிந்தவர் சற்று நின்றே மேலே செல்வர். அங்கே ஒப்பந்தத் தாள் காக்கும் கருவியாக இருந்ததில்லை. ஒப்பந்தக் கூலி முறை 1910 இல் நிறுத்தப்படும் வரையில், தாளில் கீறல் வைத்தவன் தோட்டத்தை விட்டு ஓடினால் அது குற்றம், தண்டனை உண்டு. அதே 1910 இல் பார் என்பார் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு ஒப்பந்தக் கூலிகளின் நிலை பற்றி அறிக்கை தந்தது. அத்தகைய அறிக்கைகளில் தொழிலாளர் சொல்வது எவ்வாறு வருகிறது? தமிழில் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொல்ல, எழுத்தர் எழுதிக்கொண்டது வருகிறது. கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை வருகிறது. தலைவர் கேட்காததைச் சாட்சி சொல்வதில்லை. இலண்டன் எழுத்தரின் ‘இச்சாட்சி கூறுவதாவது’ என்னும் நடைக்கும் இதற்கும் வேற்றுமை சிறிதே. தோட்ட வரலாறு எழுதப் புகுவோர் இவ்வறிக்கைகளைப் புறக்கணிக்கவும் கூடாது. வாய்மொழி என்று அப்படியே கொள்ளவும் கூடாது. பிராடின்ஹாமிடம் செய்தது போலவே, பயன் கருதாமல் நழுவி விழுந்த சொல் எது, கேட்பவர்க்காகச் செதுக்கிய சொல் எது என்று பிரித்துப் பார்த்தல் வேண்டும். ஆசிரியர் பலர் தோட்ட முதியோரிடம் ஒலிப்பதிவு செய்துவரும் இந்நாளில் இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. கேள்வியையும் சேர்த்துப் பதிவுசெய்யாத பேட்டி, பாதி ஆவணமே.

குவெடா மெர்ச்சண்ட் வழக்கின் பெருங்குறை இன்னும் சொல்லப்படவில்லை. அக்கப்பலை ஓட்டி வந்த கீழ்த்திசைக் கப்பலாட்களில் ஒருவர்கூடச் சாட்சிக் கூண்டில் ஏறவில்லை. துரத்தியவர்கள் சொல்லக் கேட்கிறோம். துரத்தப்பட்டவர்கள் சொல்லக் கேட்கவில்லை. ‘மூர்’ என்ற சொல்லை ஆங்கிலேயர் அந்நாளில் இந்திய முஸ்லிம்கள் அனைவர்க்கும் வழங்கினர். சில வேளை கீழ்நாட்டார் எவர்க்கும் வழங்கினர். குஜராத்தியோ, வங்காளியோ, மலையாளியோ, சோனகரோ, எல்லாரும் அச்சொல்லுக்குள் மறைந்துபோயினர். இவ்வறிக்கையைத் தமிழாக்க முனைவோர் அதனைச் ‘சோனகர்’ என்றோ ‘மரக்காயர்’ என்றோ மொழிபெயர்த்துவிட்டால், ஆங்கில எழுத்தரின் அறியாமை தமிழரின் வரலாறாக மாறிவிடும். மூர் என்றே விட்டுவிடுவது நேர்மை.

கப்பலாட்கள் வழக்குமன்றத்தில் காணப்படாவிடினும், மொழியில் தடம் வைத்துச் சென்றிருக்கின்றனர். கீழ்க்கடல் கப்பல்களில் ஆட்களை மேய்க்கும் தலைவனுக்குத் ‘தண்டல்’ என்று பெயர். தமிழ்க் கரையில் படகுத் தலைவனையும் அச்சொல் குறிக்கும். மலாயில் ‘தண்டில்’ என்றாகிக் கப்பலிலும் கரையிலும் கூலிக்குழுத் தலைவனைக் குறித்தது. அதுவே தோட்டத்தில் கங்காணிக்கும் மண்டோருக்கும் பக்கத்தில் நின்ற தண்டல். காலைப் பெரட்டில் நின்ற தொழிலாளி, தன்னை அதட்டியவனின் பட்டம் பாய்மரக் கப்பலிலிருந்து இறங்கி வந்தது என்பதை அறிந்திருக்கமாட்டான்.

ஒரு தரப்பே பேசுவது கிட்டின் வழக்கிற்கு மட்டும் உரிய குறையன்று. இதே நீரிணையின் தென்கோடியில், ஜொகூர் ஆற்று முகத்தை அடுத்து, 1603 பிப்ரவரி 25 ஆம் நாள், டச்சுத் தலைவன் ஹீம்ஸ்கெர்க் ஜொகூராரின் துணையோடு ‘சாந்தா கத்தரினா’ என்னும் போர்த்துக்கீசியப் பெருங்கப்பலைப் பிடித்தான். மக்காவிலிருந்து மலாக்காவுக்கு வந்துகொண்டிருந்த அக்கப்பலில் சீனப் பட்டும் பீங்கானும் நிறைந்திருந்தன. ஆம்ஸ்டர்டாமில் அவை 30 இலட்சம் கில்டருக்கு மேல் விலைபோயின. 1604 செப்டம்பர் 9 ஆம் நாள் அங்குள்ள கடற்படை மன்றம் பிடித்தது சரியே என்று தீர்ப்பளித்தது. பின்னர், டச்சு மாலுமிகளிடம் சத்தியவாக்குமூலங்கள் வாங்கப்பட்டன. 1601 இல் மக்காவில் டச்சு மாலுமிகள் பதினேழு பேர் கொல்லப்பட்டது முதலிய போர்த்துக்கீசியக் கொடுமைகள் அவற்றுள் அடுக்கப்பட்டன. அவற்றை ஆதாரமாகக் கொண்டு வாதம் எழுதியவர் ஹியூகோ குரோஷியஸ் என்னும் இளம் வழக்கறிஞர். அவ்வாதத்தில் ஒரு பகுதியே 1609 இல் வெளிவந்து, கடல் யாவர்க்கும் பொது என்னும் கொள்கைக்கு வித்திட்ட நூல். உலகச் சட்டத்தின் பெருநூல் ஒன்று, ஜொகூர்க் கரையில் பிடிபட்ட சரக்கை நியாயப்படுத்த எழுந்தது என்பதை மலேசிய மாணவர்க்குச் சொல்லுதல் தகும். கடல் பொது என்று எழுதச் செய்த அதே கும்பினி, 1641 இல் மலாக்காவைப் பிடித்தபின் இந்நீரிணையில் சீட்டில்லாக் கப்பலை ஓடவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் தகும். மெலாவத்திக் குன்றின் பீரங்கிகள் அவ்வரலாற்றின் பிற்பகுதி.

இலக்கியச் சுவை என்று பார்த்தால், கிட் வழக்கறிக்கை உயர்ந்த நூலன்று. திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்கிறது. நீதிபதியின் தொகுப்புரை நீள்கிறது. ஆனால் கேள்வியும் விடையுமாய் அது ஓடும் ஓட்டத்தில், எழுத்தாளர் எவரும் அமைத்திருக்க முடியாத திருப்பங்கள் நேர்கின்றன. பாமரிடம் கிட் கேட்கும் சிறு கேள்விகளில், தலைவனின் அதட்டல் முதலில் ஒலிக்கிறது, பிறகு வாதம், பிறகு கெஞ்சல். ஒரே மனிதன் ஒரு மணி நேரத்தில் தாழ்ந்துபோவதை அறிக்கையாளர் ஓர் அடைமொழியும் சேர்க்காமல் காட்டிவிடுகிறார். நாவலாசிரியர் பலர் கிட்டைக் கதாநாயகனாக்கி எழுதினர். புதையல் கதைகள் பெருகின. அவற்றுள் எதுவும் இக்கேள்விகளுக்கு ஈடாகாது. மேல்வகுப்பு மாணவர்க்கு இதில் நான்கைந்து பக்கம் தமிழாக்கித் தந்து, எச்சொல்லை நம்பலாம், ஏன் என்று எழுதச் சொல்லும் ஆசிரியர், கட்டுரைப் பயிற்சியோடு சிந்தனைப் பயிற்சியும் தந்தவராவார்.

கிட்டின் உடைமைகள் விற்கப்பட்டு, 6,471 பவுன் கிரீனிச் மாலுமியர் மருத்துவமனைக்கு வழங்கப்பட்டது. ஆர்மீனியரின் பட்டும் சூரத்து வணிகரின் சர்க்கரையும் இவ்வாறு இங்கிலாந்தின் முதிய மாலுமிகளுக்குச் சோறாயின. கப்பலோ வழக்குக்கு முன்பே அழிந்துவிட்டது. கிட் அதனை அட்லாண்டிக் கடந்து கொண்டுசென்று, இஸ்பானியோலாத் தீவின் கரையில் காவலாட்களிடம் விட்டுச் சென்றான். அவர்கள் சரக்கை விற்றுவிட்டுக் கப்பலுக்குத் தீயிட்டனர். 2007 இல், இன்று டொமினிக்கன் குடியரசுக்கு உரிய கத்தலீனாத் தீவின் அருகே, கரையிலிருந்து சிறு தொலைவில், ஆழமில்லாத நீரில் அதன் எச்சத்தை இந்தியானாப் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்தனர். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த பீரங்கிகளின் அடியில், இந்தியக் கப்பல் தச்சர் இணைத்த தேக்கு மரப் பலகைகள் கிடைத்தன.